சுண்டெலிக்கு ஈரல் தேறுச்சுன்னா நமக்கும் தேறுமா? மூலிகை ஆராய்ச்சி செய்தியைப் பிரிச்சுப் படிக்கிறது எப்படி

போன மாசம் எங்க சித்தப்பா வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பிருந்தாரு. மஞ்சள்ல இருக்குற ஒரு பொருள் ரத்தக்குழாய் அடைப்பையும் கரைக்குதாம், கல்லீரலையும் காப்பாத்துதாம், விஞ்ஞானிகளே நிரூபிச்சிட்டாங்களாம், கீழ ஒரு கேப்ஸ்யூல் டப்பா படம். அவருக்கு 58 வயசு, ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 2ன்னு எழுதிருக்கு, கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை போடுறாரு. "டேய், நீ எலிக்கெல்லாம் மருந்து குடுத்து படிச்சவன்தானே, இத வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லு"ன்னாரு. "சித்தப்பா, அது சுண்டெலிக்கு"ன்னேன். "எலிக்கு நல்லதுன்னா மனுஷனுக்கு என்னடா கெட்டது"ன்னு கேட்டுட்டாரு.

கேள்வி நியாயமானதுதான். அதுக்கு பதில் சொல்லணும்னா அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எப்படி படிக்கணும்னு தெரியணும், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நான் எம்.ஃபார்ம் பண்றப்போ ரெண்டு வருஷம் அனிமல் ஹவுஸ்லயே கெடந்தவன், அந்த வாசனை சட்டைல இருந்து போகவே போகாது. டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா எலி ஆராய்ச்சில எங்கெங்க ஓட்டை இருக்கும்னு தெரியும், ஏன்னா அதுல பாதி ஓட்டை நானே போட்டது.

மொதல்ல கட்டுரையோட ஒரிஜினலுக்கு போங்க. செய்தியப் படிச்சு பிரயோஜனம் இல்ல. ஆராய்ச்சிக் கட்டுரைங்களத் தேடற தளமான பப்மெட்ல அந்தப் பொருளோட பேரு, கூட லிவர், அத்திரோஸ்கிளிரோசிஸ் (ரத்தக்குழாய்ல கொழுப்பு படியறது), மைஸ்னு (சுண்டெலி) இங்கிலீஷ்ல அடிச்சா வரும், முழுசா ஃப்ரீயா படிக்கணும்னா பப்மெட் சென்ட்ரல்ல இருக்கான்னு பாருங்க. உள்ள போனதும் முன்னுரையையும் முடிவுரையையும் விட்டுட்டு நேரா மெத்தட்ஸ், அதாவது ஆராய்ச்சிய எப்படி பண்ணாங்கங்கற பகுதிக்கு போங்க. போரடிக்கும். ஆனா எல்லா உண்மையும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும், முடிவுரைல இருக்கறது பூரா ஆசிரியரோட ஆசை.

அங்க தேட வேண்டிய முதல் விஷயம், என்ன எலி. நம்ம பத்திரிகைக்காரங்க மவுஸ்ங்கிற சுண்டெலியையும் எலின்னுவாங்க, ரேட்ங்கிற பெரிய எலியையும் எலின்னுவாங்க, ரெண்டும் வேற வேற பிராணி. ரத்தக்குழாய்ல கொழுப்பு படியற ஆராய்ச்சில பெரும்பாலும் வர்றது சுண்டெலி, அதுலயும் அப்போ-ஈ நாக்கவுட்ங்கிற ஒரு ரகம். இது ஏன் வந்துச்சுன்னா சாதா சுண்டெலிக்கு எவ்ளோ நெய்யும் வெண்ணெயும் ஊத்தினாலும் ரத்தக்குழாய்ல அடைப்பு லேசுல வராது. அதோட ரத்தத்துல கொலஸ்ட்ராலே 100க்குள்ளதான் இருக்கும், அதுலயும் முக்காவாசி எச்டிஎல், நல்ல கொலஸ்ட்ரால்னு நம்ம சொல்ற அது. மனுஷனுக்கு இருக்குற சிஈடிபிங்கிற ஒரு புரோட்டீன் சுண்டெலிக்கு கிடையாது, அதனால அதோட கொழுப்புப் போக்குவரத்தே வேற மாதிரி. அதனாலதான் 1992ல அமெரிக்காவுல ரெண்டு கூட்டம், நியூயார்க் ராக்ஃபெல்லர் யுனிவர்சிட்டில ஒண்ணு, வட கரோலினாவுல சேப்பல் ஹில்ல ஒண்ணு, தனித்தனியா ஒரே வேலையைப் பண்ணாங்க, அப்போ-ஈங்கிற புரோட்டீனோட ஜீனை எடுத்துட்ட சுண்டெலிய உருவாக்கினாங்க. அந்தப் புரோட்டீன்தான் ரத்தத்துல சுத்துற கொழுப்பு உருண்டைங்கள ஈரல் பிடிச்சு உள்ள இழுக்க ஒதவறது. அது இல்லன்னா கொழுப்பு ரத்தத்துலயே நிக்கும். சாதா தீனி போட்டாலே கொலஸ்ட்ரால் 400, 500ன்னு ஏறும், கொழுப்புத் தீனி போட்டா 1000த்தத் தாண்டும். சில மாசத்துல மகாதமனி ஆரம்பிக்கிற இடத்துல படிவு கண்ணுக்கே தெரியும்.

இங்க ஒரு சங்கதி இருக்கு, நிறைய பேர் தவற விடறது. அப்போ-ஈ ரத்தத்துல மட்டும் வேலை பாக்கல, ஈரல் தனக்குள்ள சேர்ந்த கொழுப்ப பொட்டலம் கட்டி வெளிய அனுப்பறதுக்கும் ஒதவுது. அது இல்லாத எலிக்கு ஈரல்ல கொழுப்பு தேங்கறது அந்தக் குறையாலயும்தான். எங்க சித்தப்பாவுக்கு ஈரல்ல கொழுப்பு வந்தது மூணு வேளை சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் சோபா, இதனால. ரெண்டு பேரு ஈரலும் ஸ்கேன்ல வெள்ளையா தெரியலாம், வந்த வழி வேற. ஒரு மருந்து எலியோட வழியை அடைச்சா சித்தப்பாவோட வழியும் அடைபடும்னு அவசியம் இல்ல.

எலிய வெச்சு அவசரப்பட்டு தலையாட்டறது மட்டும் இல்ல, அவசரப்பட்டு தள்ளி விடறதும் ஆபத்துதான்னு ஒரு கதை உண்டு. ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர், ஆறாயிரத்துக்கு மேல பூஞ்சை காளான் வகைகள சோதிச்சு, கியோட்டோ அரிசில வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சைல கொலஸ்ட்ராலக் குறைக்கிற பொருளக் கண்டுபிடிச்சாரு. ரேட்டுக்கு குடுத்தா ஒண்ணும் குறையல. அதோட கதை முடிஞ்சிருக்கணும், ஆனா கோழிக்கும் நாய்க்கும் குடுத்துப் பாத்தா நல்லா குறைஞ்சுது. அந்த வழில வந்ததுதான் 1987ல அமெரிக்காவுல அனுமதி கெடச்ச லோவாஸ்டாட்டின், இன்னிக்கு சித்தப்பா ராத்திரி போடற மாத்திரையோட மூத்த அண்ணன்.

சரி, எலி தெரிஞ்சிடுச்சு. அடுத்து அதுக்கு என்ன தீனி போட்டாங்கன்னு பாருங்க. வெஸ்டர்ன் டயட்னு போட்டிருந்தா பொதுவா எடைல 21 சதவீதம் கொழுப்பு, 0.15ல இருந்து 0.2 சதவீதம் கொலஸ்ட்ரால், கலோரி கணக்குல பாத்தா 42 சதவீதம் கொழுப்புல இருந்து வருது. இது பரவால்ல. ஆனா தீனில சோடியம் கோலேட் இல்ல கோலிக் ஆசிட்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடுங்க. அது பித்த அமிலம். 1980கள்ல சாதா எலிக்கே அடைப்பு வரவைக்கறதுக்காக பைகன் டயட்னு ஒண்ணு வந்துச்சு, 15 சதவீதம் கொழுப்பு, 1.25 சதவீதம் கொலஸ்ட்ரால், அதோட அரை சதவீதம் கோலிக் ஆசிட். அந்த பித்த அமிலமே ஈரலப் போட்டு வறுத்து எடுக்கும், வீக்கம் வர வைக்கும். அப்ப "ஈரல் பாதிப்பு குறைஞ்சுது"ன்னா எந்த பாதிப்பு? நம்ம வீட்டுல யாரும் பித்த அமிலத்த ஸ்பூன்ல அள்ளிச் சாப்பிடறதில்ல. அந்த வார்த்தை இருந்துச்சுன்னா ஈரல் பத்தின முடிவுகள பாதி விலைக்கு எடுத்துக்கோங்க.

எடையப் பாருங்க. இத நான் என் சொந்த செலவுல கத்துக்கிட்டேன். என் ப்ராஜெக்ட்ல ஒரு கசப்பான மூலிகைச் சாறு, தினமும் வாய்வழியா ஊசிக் குழாய் விடறதுக்கு பயந்துகிட்டு தீனிலயே கலந்து போட்டுட்டேன். கடைசில அறுத்துப் பாத்தா மருந்து குடுத்த எலிங்களோட ஈரல் அப்படியே செக்கச்செவேல்னு, மருந்து குடுக்காத கன்ட்ரோல் எலியோடது மஞ்சளா வெண்ணெய் மாதிரி. கைடு கிட்ட ஓடிப்போய் காட்டினேன். அவரு ஈரலப் பாக்கவே இல்ல, "மிச்சத் தீனி எவ்ளோ எடை போட்டியா"ன்னு ஒரே கேள்வி. போடல. அடுத்த பேட்ச்ல போட்டா, கசப்பு தாங்காம எலிங்க பாதி தீனிய தொடவே இல்ல. பட்டினி கெடந்தா யாரு ஈரலும் தேறும், அதுக்கு என் சாறு எதுக்கு. அதனால எடை கிராஃப் இருக்கா, ஒரு நாளைக்கு எவ்ளோ தின்னுச்சுன்னு எழுதிருக்கா, ரெண்டு கூட்டமும் ஒரே எடைலதான் முடிஞ்சுதான்னு பாருங்க. எடை குறைஞ்சிருந்து அதுக்கு ஈடுகட்ட தனியா ஒரு கூட்டத்துக்கு அதே அளவு தீனி மட்டும் போட்டுப் பாக்கலைன்னா, ஈரல் தேறினது மருந்தாலன்னு சொல்ல முடியாது. நிலவேம்பு, மரமஞ்சள் மாதிரி கசப்பு சமாச்சாரம்னா இந்த சந்தேகம் ரெண்டு மடங்கு.

இப்ப டோஸ் கணக்கு. செய்தி போடறவங்க யாரும் இத தொடறதில்ல, ஆனா ஒரு கால்குலேட்டர் போதும், இங்கதான் முக்கால்வாசி கேப்ஸ்யூல் கதை உடையும்.

கட்டுரைல கிலோவுக்கு 200 மில்லிகிராம்னு போட்டிருப்பாங்கன்னு வெச்சுக்குவோம். உடனே 60 கிலோ மனுஷனுக்கு 12 கிராம்னு கணக்கு போடாதீங்க, அது தப்பு. சின்ன பிராணிக்கு உடம்பு வேகமா எரிக்கும், அதனால எடைய வெச்சு நேரடியா மாத்தக்கூடாது, உடம்போட பரப்பளவ வெச்சு மாத்தணும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005ல குடுத்த வழிமுறைல எளிமையா ஒரு எண் இருக்கு, சுண்டெலி டோஸை 12.3ஆல வகுத்தா மனுஷ டோஸ். ரேட்டுக்குன்னா 6.2ஆல. ஆக 200ஐ 12.3ஆல வகுத்தா கிலோவுக்கு 16 மில்லிகிராம் சொச்சம், 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 1 கிராம். சித்தப்பா மாதிரி ஆளுங்க இதப் பாத்ததும் "ஒரு கிராம்தானே, சாம்பார்ல போட்டா வந்துட்டு போகுது"ன்னுவாங்க. அந்த ஒரு கிராம் மஞ்சள்தூள் இல்ல, அதுக்குள்ள இருக்குற குர்குமின். மஞ்சள்தூள்ல குர்குமின் சராசரியா 3 சதவீதம்தான். ஒரு கிராம் குர்குமினுக்கு முப்பது கிராமுக்கு மேல மஞ்சள்தூள் வேணும், டீஸ்பூன் கணக்குல பத்து ஸ்பூன், தினமும், மாசக்கணக்குல. அந்த சாம்பார யாரு சாப்பிடுவா.

இதே கணக்க வெங்காயத்துக்கு போட்டுப் பாருங்க. குவர்செடின்னு ஒரு பொருள், ஈரல் ஆராய்ச்சில அடிக்கடி வரும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் சுண்டெலிக்குன்னா நமக்கு கிட்டத்தட்ட 490 மில்லிகிராம். 100 கிராம் வெங்காயத்துல 20ல இருந்து 40 மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல பச்சை வெங்காயம், தினமும். வீட்டுல மத்தவங்க வெளிய போயிடுவாங்க.

சில கட்டுரைல டோஸே போடாம "தீனில 0.1 சதவீதம் கலந்தோம்"னு மட்டும் இருக்கும். அப்ப ஒரு சுண்டெலி 25 கிராம், ஒரு நாளைக்கு சுமார் 3 கிராம் தின்னும்னு வெச்சுக்கங்க. 3 கிராம்ல 0.1 சதவீதம் 3 மில்லிகிராம், அத 25 கிராம் எலிக்கு கிலோ கணக்கா மாத்தினா 120, அத 12.3ஆல வகுங்க, அவ்ளோதான். இன்னொண்ணு, எந்த வழியா குடுத்தாங்கன்னும் பாருங்க. ஐ.பி.ன்னு போட்டிருந்தா வயித்துக்குள்ள ஊசி. வாய்வழியா போனா குடல் சுவர்லயே பாதி அழிஞ்சு போற பொருள ஊசில ஏத்திட்டு, அதக் கொண்டாந்து டீயில கலந்து குடிங்கன்னு செய்தி போட்டா என்ன அர்த்தம்.

குர்குமினோட பெரிய பிரச்சினையே ரத்தத்துல ஏறாதது. 1998ல பெங்களூர்ல பண்ண ஒரு ஆராய்ச்சில, 2 கிராம் குர்குமின் கூட மிளகுல இருக்குற பிப்பரின் 20 மில்லிகிராம் சேத்து மனுஷங்களுக்கு குடுத்தப்போ ரத்தத்துல ஏறற அளவு 2000 சதவீதம் கூடுச்சு. அதுலேர்ந்துதான் எல்லா டப்பாலயும் மிளகுச் சாறு சேத்ததுன்னு பெருமையா போடறாங்க. அந்த பெருமைக்கு ஒரு மறுபக்கம் இருக்கு, அத கடைசில சொல்றேன், மறந்துடாதீங்க.

ஈரல எப்படி அளந்தாங்கங்கறது அடுத்தது. மூணு விதமா அளப்பாங்க. ரத்தத்துல ஏஎல்டி, ஏஎஸ்டிங்கிற ஈரல் என்சைம்கள், அதாவது நம்ம லேப் ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடின்னு வர்றது. ஈரல்ல எவ்ளோ ட்ரைகிளிசரைடு இருக்குன்னு அரைச்சு அளக்கறது. அப்புறம் ஈரலத் தகடு தகடா சீவி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கறது. ஏஎஸ்டி மட்டும் குறைஞ்சதுன்னு பெருசா எழுதிருந்தா சிரிச்சுட்டு தாண்டிடுங்க, அது தசைல இருந்தும் வரும், ரத்தம் எடுக்கறப்போ செவப்பணு ஒடைஞ்சாலும் ஏறும், சுண்டெலி கிட்ட ஒழுங்கா ரத்தம் எடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு எடுத்தவனுக்குத்தான் தெரியும். ஏஎல்டிய நம்பலாம், ஆனா நோய் வந்த கூட்டத்துக்கு எவ்ளோ ஏறி இருந்துச்சுன்னு பாருங்க. 40 இருந்தது 60 ஆகி திரும்ப 45 ஆச்சுன்னா, அங்க காப்பாத்தற அளவுக்கு ஈரல் கெட்டே போகல.

மைக்ராஸ்கோப் படம் அழகா இருக்கும், நோய் ஈரல் பூரா வெள்ளை வெள்ளை ஓட்டை, மருந்து ஈரல் பளிங்கு மாதிரி. ஒரு ஈரல்லயே பத்து எடம் இருக்கும், எத படம் புடிக்கறதுன்னு முடிவு பண்றது யாரு? யாருக்கு மருந்து போச்சுன்னு தெரியாத ஒருத்தர் மார்க் போட்டாரான்னு பாருங்க, அத பிளைண்டட்னு எழுதிருப்பாங்க. அந்த வார்த்தையே இல்லைன்னா போடலைன்னு அர்த்தம். மார்க் போடற முறை கொழுப்புக்கு 3, வீக்கத்துக்கு 3, செல் உப்பறதுக்கு 2, மொத்தம் 8. ஆனா மனுஷனுக்கு ஆயுசத் தீர்மானிக்கிறது இந்த 8ல எதுவுமே இல்ல, ஈரல்ல தழும்பு விழுந்திருக்கா, அதாவது ஃபைப்ரோசிஸ் இருக்கா இல்லையாங்கறதுதான். பன்னெண்டு வாரம் கொழுப்பு தின்ன எலிக்கு பெரும்பாலும் தழும்பு பெருசா வராது. கொழுப்பு குறைஞ்சத வெச்சு ஈரலக் காப்பாத்திட்டோம்னு சொல்றது, வீட்டுல வெள்ளை அடிச்சுட்டு விரிசல் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி.

மருந்த எப்ப குடுக்க ஆரம்பிச்சாங்கங்கறதையும் தேடுங்க. ரொம்ப கட்டுரைல கொழுப்புத் தீனி ஆரம்பிச்ச அன்னிக்கே மருந்தும் ஆரம்பிச்சிடும். அது வராம தடுக்கறது. சித்தப்பாவுக்கு ஏற்கனவே வந்தாச்சு. எட்டு வாரம், பத்து வாரம் நோய் வரவிட்டு, அப்புறம் மருந்து குடுத்து குறையுதான்னு பாத்தவங்களோடதுதான் அவருக்கு பொருந்தும். அப்படிப்பட்டது கம்மி.

கூட்டத்துக்கு எத்தன எலி, ஆணா பெண்ணா, எந்த கூண்டு எந்த கூட்டம்னு குலுக்கல்ல பிரிச்சாங்களான்னும் ஒரு கண்ணு வைங்க. ரத்தக்குழாய் படிவு எலிக்கு எலி ரொம்ப மாறும், ஆறு எலிய வெச்சு அடிச்சுப் பேச முடியாது. 2017ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் இதுக்குன்னே ஒரு பரிந்துரை போட்டாங்க, ஆண் பெண் ரெண்டையும் சோதிங்கன்னு. இன்னிக்கும் ஆண் எலி மட்டும்தான் நிறைய. ஸ்டாட்டின், அதாவது சித்தப்பா போடற மாதிரி கொலஸ்ட்ரால் மாத்திரை குடுத்த கூட்டம் ஒண்ணு ஒப்பிட இருந்தா நல்லது. மருந்து கலக்க எண்ணெய்யோ வேற திரவமோ உபயோகிச்சிருந்தா, அதே எண்ணெய் மருந்தில்லாம கன்ட்ரோல் எலிக்கும் போயிருக்கணும்.

அப்புறம் வரும் பாருங்க அம்புக்குறி படம். இந்தப் பொருள் செல்லுக்குள்ள இருக்குற என்ஆர்எஃப்2ங்கிற புரோட்டீன தூண்டுது, ஏஎம்பிகேவ எழுப்புது, என்எஃப்-கப்பா-பிய அடக்குதுன்னு, மெட்ரோ ரூட் மேப் மாதிரி. எந்த மூலிகை கட்டுரைய எடுத்தாலும் இதே மூணு பேருதான் வருவாங்க, அதனால அதுல மயங்கிட வேணாம். குர்குமின் மாதிரி பொருளுங்க சோதனைக் குழாய்ல எதக் கூட வேணா ஒட்டிக்கிட்டு பொய்யா பாசிட்டிவ் காட்டும்னு வேதியியல்காரங்களே 2017ல விரிவா எழுதிட்டாங்க. கருப்புப் பட்டை பட்டையா வர்ற புரோட்டீன் படங்கள்ல ஒரே பட்டை ரெண்டு எடத்துல இருக்கான்னும் பாருங்க. ஆராய்ச்சிப் படங்கள்ல தப்பு கண்டுபிடிக்கற எலிசபெத் பிக் கூட்டம் 2016ல 20,621 கட்டுரைய கண்ணால பாத்து 3.8 சதவீதத்துல படம் சரியில்லன்னு சொன்னாங்க. வெளிவந்த கட்டுரைங்களப் பத்தி விவாதிக்கற பப்பியர்ங்கிற தளத்துல தலைப்ப போட்டா யாராவது ஏற்கனவே கேள்வி கேட்டிருக்காங்களான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இதெல்லாம் தாண்டி ஒரு கட்டுரை நின்னுதுன்னா, நல்ல எலி வேலைதான், மரியாதை குடுக்கலாம். அப்பவும் கடைசி கேள்வி பாக்கி, மனுஷனுக்கு குடுத்துப் பாத்தாங்களா?

இங்க பொருளுக்கு பொருள் கதை மாறும், எல்லாத்தையும் ஒரே தட்டுல வெக்க முடியாது. மரமஞ்சள்ல இருக்குற பெர்பெரின எடுத்துக்கங்க, இது சமையல் மஞ்சள் இல்ல, வேற செடி. 2004ல சீனாவுல கொலஸ்ட்ரால் கூடின 32 பேருக்கு மூணு மாசம் குடுத்ததுல எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 25 சதவீதம் குறைஞ்சுது, ஈரல் கெட்ட கொழுப்ப உள்ள இழுக்கற கொக்கிங்கள அது அதிகப்படுத்துதுன்னு வழியையும் காட்டினாங்க. அதுல விஷயம் இருக்கு. ஈரலுக்குன்னே பேர் போன சிலிமரின், பால் நெருஞ்சில் செடியோடது, நம்ம ஊர் மெடிக்கல்ல ஈரல் மாத்திரைன்னு கேட்டாலே எடுத்து நீட்டறது. எலில ஜோரா வேலை செய்யும். 2012ல அமெரிக்காவுல ஹெபடைடிஸ் சி இருக்குற 154 பேருக்கு, 420 மில்லிகிராம் இல்ல 700 மில்லிகிராம், தினம் மூணு வேளை குடுத்துப் பாத்தாங்க. ஏஎல்டில வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. ஆனா விஷக் காளான் தின்னவங்களுக்கு அதே செடியோட சாரத்த ஊசியா ஐரோப்பாவுல ஏத்தறாங்க. ஒரே செடிதான், எந்த நோய்க்கு, எந்த வழியாங்கறதுல எல்லாம் மாறுது.

நம்ம ஊருக்கு வந்தா கீழாநெல்லி. மஞ்சக்காமாலைன்னா பாட்டி மோர்ல அரைச்சு குடுக்காத வீடு உண்டா. 1988ல மெட்ராஸ்ல இருந்து தியாகராஜன் குழு, நோபல் பரிசு வாங்கின ப்ளம்பெர்க்கோட சேந்து லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புல தங்கிட்டவங்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, தினம் மூணு வேளை, 30 நாள். குடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் காணாம போச்சு, வெறும் பொடி குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா மத்த ஊர்ல திருப்பிப் பண்ணப்போ அந்த மாதிரி வரல. இத ஏன் சொல்றேன்னா, இது எலி இல்ல, மனுஷன், கன்ட்ரோல் வேற இருந்துச்சு, அப்பவும் ஒரு ஆராய்ச்சி பத்தல. பாட்டி வைத்தியத்துல காமாலை எறங்கினதும் பொய் இல்ல, தண்ணில பரவுற ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானவங்களுக்கு தானாவே எறங்கிடும், மோர் குடிச்சாலும் குடிக்காட்டியும். கன்ட்ரோல் கூட்டம் எதுக்குன்னு யாராவது கேட்டா நான் இததான் உதாரணமா சொல்றது.

மனுஷ ஆராய்ச்சி நடக்குதான்னு பாக்கணும்னா இந்தியாவுக்கு சிடிஆர்ஐன்னு ஒரு பதிவேடு 2007ல இருந்து இருக்கு, யாரு வேணா தேடலாம். அதே மாதிரி ஒரு மூலிகை ஈரலக் கெடுக்குமான்னு பாக்க லிவர்டாக்ஸ்னு அமெரிக்க அரசாங்கத்தோட தளம், செடி பேர அடிச்சா எத்தன கேஸ், எவ்ளோ நாள்ல வந்துச்சுன்னு எல்லாம் வரும். கேப்ஸ்யூல் வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஒண்ணையாவது பண்ணுங்க.

ஏன்னா ஈரலக் காப்பாத்தறேன்னு வர்ற பொருளே ஈரல அடிக்கறதும் நடக்குது. மிளகு விஷயத்த கடைசில சொல்றேன்னேன்ல. அமெரிக்காவுல மருந்தால ஈரல் கெடறத கண்காணிக்கற குழு 2004ல இருந்து 2022 வரைக்கும் பாத்ததுல மஞ்சள் மாத்திரையால ஈரல் பாதிச்ச 10 பேர அடையாளம் கண்டாங்க, எல்லாமே 2011க்கு அப்புறம் வந்தவங்க, 5 பேரு ஆஸ்பத்திரில சேந்தாங்க, ஒருத்தர் இறந்துட்டாரு. 7 பேருக்கு ஒரே மாதிரி ஒரு ஜீன் இருந்துச்சு, அதாவது எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும்னு வெளிய இருந்து தெரியாது. சில மாத்திரைல பிப்பரின் இருந்துச்சு. ரத்தத்துல ஏறாம இருந்ததாலதான் மஞ்சள் இத்தன நாள் சாதுவா இருந்துச்சோ என்னமோ, அது என் சந்தேகம். சாம்பார் மஞ்சளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தாராளமா போடுங்க. கிரீன் டீயும் அப்படித்தான், கப்ல குடிக்கறது வேற, சாரத்த மாத்திரையா போடறது வேற, அதுல இருக்குற ஈஜிசிஜி ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமத் தொட்டா ஈரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல சொல்லிடுச்சு. கொரோனா சமயத்துல சீந்தில் கொடிய எல்லாரும் கஷாயமா குடிச்சோம், 2021ல மும்பை டாக்டருங்க 6 பேருக்கு ஈரல் கெட்டத எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல, அடுத்த வருஷமே பல ஊர் ஆஸ்பத்திரிங்க சேந்து 43 பேரோட விவரத்தப் போட்டாங்க.

அதே பிப்பரின் மத்த மருந்துங்களையும் ரத்தத்துல ஏத்தி விடும், வலிப்புக்கு போடற ஃபெனிடாயின் மாதிரி. பெர்பெரின் ஈரல்ல மருந்த ஒடைக்கிற என்சைம்கள தடுக்கும், அதனால சில ஸ்டாட்டின் மாத்திரை ரத்தத்துல கூடிப்போகும், கர்ப்பிணிங்க பக்கத்துலயே போகக்கூடாது. எல்லாத்த விடவும் நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு, "அதான் மூலிகை போடறேனே"ன்னு ராத்திரி மாத்திரைய நிறுத்திடறது. ஃபேட்டி லிவர் இருந்தா ஸ்டாட்டின் போடக்கூடாதுன்னு ஒரு வதந்தி ஓடுது, தப்பு. ஃபேட்டி லிவர் இருக்கறவங்கள பெரும்பாலும் கொண்டுபோறது ஈரல் இல்ல, இதயம்தான்.

சித்தப்பாவுக்கு கேப்ஸ்யூலுக்கு பதிலா நான் ஒரு கணக்கு போட்டுக் குடுத்தேன், காசு செலவில்லாதது, ஃபிப்-4ன்னு பேரு, தழும்பு இருக்க வாய்ப்பிருக்கான்னு சலிச்சு பாக்கறதுக்கு. வயச எஸ்ஜிஓடியால பெருக்கணும். பிளேட்லெட்ட எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால பெருக்கணும். மேல உள்ளத கீழ உள்ளதால வகுக்கணும். ரிப்போர்ட்ல பிளேட்லெட் 2.1 லட்சம்னு இருந்தா கணக்குல 210ன்னு போடுங்க, இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. அவரோடது வயசு 58, எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 56, பிளேட்லெட் அதே 2.1 லட்சம். வகுத்தா 1.55 வந்துச்சு. 1.3க்கு கீழ இருந்தா பெருசா பயமில்ல, 65 வயசு தாண்டினவங்களுக்கு 2 வரைக்கும் பரவால்ல. அவருக்கு தாண்டிடுச்சு, அதுக்காக தழும்பு இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஃபைப்ரோஸ்கேன், அதாவது ஈரல்ல தழும்பு இருக்கான்னு பாக்கற ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் கிட்ட கேக்கறதுக்கு ஒரு காரணம் கெடச்சிருக்கு, அவ்ளோதான்.

கூட எடையையும் சொன்னேன். 5 சதவீதம் குறைஞ்சாலே ஈரல் கொழுப்பு எறங்கும், 7ல இருந்து 10 போனா வீக்கமும் எறங்கும், அவரோட 78 கிலோவுக்கு நாலு கிலோ மொதல் இலக்கு. "இதுக்கு எலியே பரவால்லடா, அதுக்கு மாத்திரையாவது குடுத்தாங்க"ன்னாரு. டாக்டர பாக்கப் போறப்போ ஏற்கனவே வாங்கி வெச்ச டப்பாங்களையும் பையில எடுத்துட்டு வரச் சொன்னேன், பேரு மட்டும் சொன்னா போதாது, லேபிள்ல மிளகு சாறு, கிரீன் டீ சாறு எல்லாம் பொடி எழுத்துல இருக்கும். சித்தி அலமாரியத் தொறந்து எடுத்தா நாலு டப்பா வந்துச்சு, ரெண்டு தேதி முடிஞ்சது.